நிற்கக் கிடைக்கிற இடம்

கொழும்பில் படம் எடுக்க நல்ல இடங்கள் எவை என்று போனில் தட்டினால் எல்லாருக்கும் ஒரே விடைதான் வருது. தாமரைக் கோபுரம், புறக்கோட்டைச் சிவப்புப் பள்ளிவாசல், காலிமுகத்திடல், சுதந்திர சதுக்கம், பேரே வாவிக்குள் மிதக்கிற மாதிரி இருக்கிற சீமா மாலகய. எங்கே நிற்கவேணும், கமராவை எவ்வளவு சரிக்கவேணும் என்பதுவரை ரீல்ஸில் காட்டிவிடுவார்கள். போய், அதே இடத்தில் நின்று, அதே படத்தை எடுத்துக்கொண்டு திரும்பலாம். அதில் பிழை ஒன்றுமில்லை. ஆனால் யாழ்ப்பாணத்திலிருந்து காசு சேர்த்து, மூன்று நாள் தங்க வந்த எங்கள் நாலு பேருக்கும் அது போதவில்லை.

அதற்குக் காரணம் எங்கட வீட்டு அல்பங்கள். எங்கள் நாலு பேரின்ர அம்மா அப்பாமாரும் கொழும்புக்கு வந்து போனவர்கள்தான். வெள்ளவத்தை லொட்ஜ்களில் மாதக்கணக்கில் இருந்தவர்களும் அவர்களுக்குள் இருக்கினம். ஆனால் கொழும்பு என்று சொல்லி அல்பத்தில் இருப்பது பாஸ்போட் சைஸ் படங்கள் மட்டும்தான். நீல நிறத் திரைக்கு முன்னால், சிரிக்காமல், விசாவுக்கு எடுத்தவை. மிஞ்சினால் கட்டுநாயக்காவில் யாரையோ அனுப்பிவைத்தபோது எடுத்த ஒரு குறூப் படம். "ஏனம்மா கடற்கரையில ஒரு படம்கூட எடுக்கேல்ல?" என்று கேட்டால், "அங்க நிண்டு படம் எடுக்கிற நிலமையே அப்ப இருந்தது?" என்று திருப்பிக் கேட்கினம். அடையாள அட்டை, பொலிஸ் பதிவு, சந்திக்குச் சந்தி சோதனை. 2007 ஜூன் 7 அன்று கொழும்பு லொட்ஜ்களில் இருந்த நூற்றுக்கணக்கான தமிழர்களைப் பொலிஸ் பஸ்களில் ஏற்றி ஊருக்கு அனுப்பியது. அடுத்த நாள் உயர் நீதிமன்றம் இடைக்காலத் தடை போட்டது. அந்த நகரத்தில் எங்கட ஆக்கள் வேகமாக நடக்கத்தான் பழகினார்கள். நின்று பார்க்கப் பழகவில்லை.

அதனால் நாங்கள் "எந்த இடம் வடிவு?" என்று தேடுவதை விட்டுவிட்டு, "எந்த இடத்தில் அரை மணித்தியாலம் நிற்கலாம்?" என்று தேடத் தொடங்கினோம். கேள்வியை மாற்றினால் இடங்களும் மாறுது.

முதல் பார்க்கவேண்டியது வெயிலை. கொழும்புக்கு மேற்கே கடல். பின்னேரம் கடலைப் பார்த்துப் படம் எடுத்தால் ஆக்கள் எல்லாரும் கறுப்பு உருவமாகத்தான் வருவார்கள். வேண்டுமென்றால் அது நல்லது. முகம் வேண்டுமென்றால் கடலுக்கு முதுகைக் காட்டி நிற்கவேணும். காலி வீதி கடலுக்குச் சமாந்தரமாகப் போகிறது. பம்பலப்பிட்டி, வெள்ளவத்தைப் பக்கம் அதிலிருந்து மேற்கே இறங்குகிற ஒவ்வொரு ஒழுங்கையும் மரைன் டிரைவிலும் ரயில் பாதையிலும் போய் முடியும். அதற்கு அங்கால் ஒரு கீற்றுக் கடல். ஐந்தரை மணிக்கு அந்த ஒழுங்கைகளுக்குள் வெயில் நேராக ஓடிவரும். மரக்கறிப் பையோட வாற அம்மாவின் நிழல் அவரைவிட மூன்று மடங்கு நீளம். இந்த ஒழுங்கைகள் ஒன்றும் எந்தப் பட்டியலிலும் இல்லை. 100ஆம் இலக்க பஸ்ஸில் ஏறி, யன்னலோரம் இருந்து, வெளிச்சம் நல்லாயிருக்கிற இடத்தில் இறங்கினால் சரி. ஒன்று ஞாபகம் வைத்திருங்கோ: எங்கட நாடு பூமத்திய ரேகைக்குக் கிட்ட இருப்பதால் சூரியன் சறுக்காமல் நேராக விழுகிறது. சூரியன் மறைந்து அரை மணித்தியாலத்துக்குள் இருட்டிவிடும். அதோடு ரயில் பாதையில் ஏறி நின்று படம் எடுக்கவேண்டாம். அலைச் சத்தத்தில் ரயில் வருவது கேட்காது.

அடுத்தது நடை. கோட்டை ரயில் நிலையத்திலிருந்து கொச்சிக்கடை வரை மூன்று கிலோமீற்றரும் வராது. நாங்கள் அதற்கு ஒரு முழுக் காலை எடுத்தோம். 1923இல் கட்டிய கான் மணிக்கூட்டுக் கோபுரத்தைத் தாண்டினால் பிரதான வீதி. இரண்டாம் குறுக்குத் தெருவில் சிவப்புப் பள்ளிவாசல். இந்தியாவிலிருந்து வந்த முஸ்லிம் வணிகர்கள் 1908இல் தொடங்கி 1909இல் கட்டி முடித்தது. தெரு ஒடுக்கம் என்பதால் முழுக் கட்டடமும் ஒரு படத்துக்குள் அடங்காது. அடக்கப் பார்க்காமல் விட்டால், அந்தச் சிவப்பு வெள்ளை வரிகளுக்குக் கீழே போகிற கைவண்டிகள் தெரியும். அப்படியே செட்டியார் தெருவுக்குப் போனால் நகைக்கடைகளுக்கு நடுவில் பழைய கதிரேசன், புதிய கதிரேசன் கோயில்கள். கொஞ்சம் மேட்டில் ஒல்லாந்தர் 1757இல் கட்டி முடித்த வுல்வெண்டால் தேவாலயம்.

இந்த நடைக்கு ஞாயிற்றுக்கிழமையைத் தெரிவுசெய்தது நல்லதாகப் போயிற்று. பெரும்பாலான கடைகள் பூட்டு. சனம் குறைந்த தெருவில் தலையை நிமிர்த்தலாம். கீழே பிளாஸ்டிக் பெயர்ப்பலகை, மேலே மரக் கிராதியும் பழைய ஓடும். கிழமை நாளில் அதே தெருவில் நின்றால் உங்களை இடிக்காமல் ஒருத்தரும் போக ஏலாது. அப்போது எடுக்கவேண்டியது கட்டடத்தை அல்ல, கைகளை.

மூன்றாவது, அந்த இடத்தைப் பற்றி ஏதாவது தெரிந்துகொண்டு போவது. காலிமுகத்திடலில் எல்லாரும் எடுப்பது பட்டமும் இறால் வடையும் சூரியனும். நாங்களும் எடுத்தோம், ஏன் விடுவான்? ஆனால் 1956 ஜூன் 5 அன்று தனிச் சிங்களச் சட்டத்துக்கு எதிராகத் தமிழரசுக் கட்சியினர் சத்தியாக்கிரகம் இருந்து அடிவாங்கியதும் இந்தத் திடலில்தான். பழைய பாராளுமன்றக் கட்டடம் அதன் ஒரு அந்தத்தில் இப்பவும் நிற்குது. 2022 போராட்டத்தின்போது, மே 18 அன்று, இதே இடத்தில் முள்ளிவாய்க்கால் நினைவேந்தல் நடந்து கஞ்சி கொடுத்தார்கள். இப்போது கூடாரம் ஒன்றும் இல்லை. இதெல்லாம் ஒரு படத்தில் தெரியாதுதான். ஆனால் எந்தப் பக்கம் திரும்பி நிற்பது என்பதை அது மாற்றும். எங்களில் மூன்று பேர் கடலை எடுத்துக்கொண்டிருக்க, ஒருத்தி மட்டும் கடலுக்கு முதுகைக் காட்டிக்கொண்டு அந்தக் கல்தூண்களையும் அதற்கு முன்னால் பந்தடிக்கிற பொடியளையும் எடுத்தாள். எங்கள் மூன்று நாளில் ஆகத் திறமான படம் அதுதான்.

பிறகு, கேட்பது. எங்கட ஊருக்குக் கமராவோட வருகிறவர்கள் உடைந்த வீடுகளைத் தேடிப் போவது உங்களுக்கும் தெரியும். கூரை இல்லாத சுவர், சூட்டு அடையாளம், உள்ளே முளைத்த மரம். வடிவான படம்தான். அந்த வீட்டுக்காரர் எங்கே என்று கேட்கிற ஆக்கள் குறைவு. அது எங்களுக்கு நோகும். அதனால் மூட்டை தூக்கி வேர்த்து நிற்கிற ஒரு ஐயாவை தூரத்திலிருந்து சூம் பண்ணி எடுக்க எங்களுக்கு மனம் வரவில்லை. "ஃபொட்டோ எகக் கன்னத?" என்ற ஒரு சிங்கள வசனத்தைப் பாடமாக்கிக்கொண்டு போனோம். சிலர் கையால் வேண்டாம் என்றார்கள், விட்டுவிட்டோம். அந்த ஐயா எங்கட சிங்களத்தைக் கேட்டுச் சிரித்துப்போட்டு, "தமிழிலயே கேளுங்கோ தம்பி, நான் ஹட்டன்" என்றார். அதற்குப் பிறகு படம் எடுக்க முன்னம் கால் மணித்தியாலம் கதைதான். மகளின் நம்பர் தந்து, வட்ஸ்அப்பில் அனுப்பச் சொன்னார். அனுப்பினோம்.

எல்லா இடமும் அப்படி இல்லை. ஒரு உயரமான கட்டடத்துக்கு முன்னால், பொது நடைபாதையில் நின்றபோது காவலாளி ஒருவர் வந்து கமராவைப் பையில் வைக்கச் சொன்னார். வெளிநாட்டுச் சோடி ஒன்று பத்தடி தள்ளி எடுத்துக்கொண்டுதான் இருந்தது. எங்கட பேச்சைக் கேட்டதும், "எங்க இருந்து வாறீங்க?" என்றார். யாழ்ப்பாணம் என்றோம். குரல் உயர்த்தவில்லை, அந்த இடத்தை விட்டு ஓடவும் இல்லை. அந்தக் கட்டடத்தை எடுக்கவில்லை என்பதைத் திரையில் காட்டி, எடுத்துக்கொண்டிருந்த மழை நீர்த் தேக்கத்தையும் காட்டினோம். கொஞ்சநேரம் பார்த்துவிட்டுப் போய்விட்டார். பாதுகாப்பு வலயங்களில் படம் எடுக்கக் கூடாது என்பது எங்களுக்குத் தெரியும். ஆனால் எது வலயம், எது வெறும் நடைபாதை என்று தெரிந்து வைத்திருப்பதும் படம் எடுக்கிற கலையில் ஒரு பகுதி, இந்த நாட்டில்.

திரும்பி வந்தபோது 600 படத்துக்கு மேல் இருந்தது. 14ஐத் தெரிந்து கடையில் கழுவினோம். போனுக்குள் விட்டால் அது அடுத்த போனோட போய்விடும். பாஸ்போட் படங்கள் ஒட்டியிருக்கிற பக்கத்துக்கு அடுத்த பக்கம் வெறுமையாக இருந்தது. அதில் வைத்தோம். அம்மா ஒராள் வெள்ளவத்தை ஒழுங்கைப் படத்தைக் கனநேரம் பார்த்துப்போட்டு, "இது நாங்கள் இருந்த லொட்ஜுக்குப் பக்கத்து ஒழுங்கை" என்றா. "கடல் இவ்வளவு கிட்டவே இருந்தது?"