எங்கள் வீட்டுப் பூனையின் நீர்க்கடுப்பு

பூனை வளர்ப்பது எங்கள் குடும்பத்து வழக்கமன்று. ஊரில் இருந்த காலத்தில், பால் பாத்திரத்தை மூடி வைக்க வேண்டியதற்கு ஒரு காரணம் என்பதற்கு மேல் அப்பிராணியைப் பற்றி நாங்கள் எண்ணியதில்லை. பிள்ளைகள் படிப்பின் பொருட்டு வேற்றூர் சென்றபின், மயூர் விஹார் வீட்டில் நாங்கள் இருவர் மட்டுமே எஞ்சிய 2019 ஆம் ஆண்டில், மாடிப்படியின் கீழே மழையில் நனைந்து கிடந்த குட்டியொன்றை எடுத்து வந்தோம். கிட்டு என்று பெயரிட்டோம். ஓராண்டுக்குள் வீடு அவனுடையதாயிற்று; நாங்கள் குடியிருப்பவர்களானோம்.

2021 ஜனவரியில், டில்லியில் மூடுபனி கவிந்திருந்த ஒரு நாள், கிட்டு தன் மண் தட்டுக்குப் போவதும் உட்கார்ந்து முக்குவதும் ஈனக்குரலில் கத்துவதும் திரும்புவதுமாக இருந்தான். மலச்சிக்கல் என்று நாங்களே தீர்மானித்துவிட்டோம். கும்பகோணத்திலிருக்கும் தாயாரைத் தொலைபேசியில் கேட்டதற்கு, “உடம்பு சூடுதான், தொப்புளைச் சுற்றி விளக்கெண்ணெய் தடவு” என்றார். பூனைக்குத் தொப்புள் எங்கே என்று தேடிப் பிடித்துத் தடவினோம். ஐந்து நிமிடத்தில் அதை நக்கித் தீர்த்துவிட்டான். மறுநாள் மாலை உணவைத் தொடவில்லை, வாந்தியெடுத்தான், கட்டிலுக்கடியில் பெட்டிகளின் பின்னே போய்ப் பதுங்கினான். இழுத்தெடுத்தபோது அடிவயிற்றில் எலுமிச்சம்பழம் போல் ஏதோ கெட்டியாகக் கைக்குத் தட்டுப்பட்டது.

காய்கறிக் கூடையில் அவனை வைத்துத் துண்டால் மூடிக்கொண்டு, அப்பனியில் ஆட்டோ தேடி நின்ற அரைமணி நேரத்தை நாங்கள் மறந்தோமில்லை. எங்கள் ஹிந்தி காய்கறி வாங்கவும் கூலி பேசவும் போதுமானது. நோயைச் சொல்ல அது போதாதென்று அன்றுதான் தெரிந்தது. மிருக வைத்தியர் நாங்கள் சொன்னதைக் கேட்கவேயில்லை. வயிற்றைத் தொட்டுப் பார்த்து, “பேஷாப் பந்த்” என்றார். சிறுநீர் அடைத்துக்கொண்டுவிட்டது.

ஆண் பூனைக்குச் சிறுநீர் வெளியேறும் குழாய் மிகக் குறுகியது. சளியும் நுண்ணிய படிகங்களும் சேர்ந்து தக்கை போல் அதனை அடைத்துவிடும். நீர்ப்பை நிரம்பி, கழிவு இரத்தத்தில் தேங்கி, பொட்டாசியம் ஏறினால் இருதயம் நின்றுவிடும். அடைத்து ஓரிரு நாளிலேயே இது நேரக்கூடும். அந்த இரண்டு நாளில் ஒன்றரை நாளை நாங்கள் விளக்கெண்ணெயில் கழித்திருந்தோம். மயக்க மருந்து கொடுத்துக் குழாய் செலுத்தி, மூன்று நாள் சொட்டு மருந்து ஏற்றி அவனை மீட்டார்கள். ஆதலின் அன்பர்களுக்கு ஒன்று கூறுவோம்: ஆண் பூனை தட்டில் முக்கியும் ஒரு துளியும் வரவில்லையெனில் விடியும்வரை காத்திராதீர்கள். வீட்டிலிருக்கும் காய்ச்சல் வலி மாத்திரையையும் கொடுத்துவிடாதீர்கள். பாராசிட்டமால் பூனைக்கு நஞ்சு.

அடைப்பு நீங்கியதும் நோயும் நீங்கியதென்று மகிழ்ந்தோம். அதுவே எங்கள் இரண்டாவது பிழை. அவ்வாண்டே தீபாவளிக்கு வெள்ளையடித்தோம். விருந்தினர் எண்மர் வந்து தங்கினர். நான்காம் நாள் மண்ணில் இரத்தத் துளி கண்டோம். இம்முறை ஒரு மணி நேரத்தில் வைத்தியரிடம் இருந்தோம். அடைப்பில்லை. முதன்முறை கண்ட ஸ்ட்ருவைட் என்னும் படிகமும் இல்லை, கிருமியும் இல்லை. இளவயதுப் பூனைக்குக் கிருமியால் இந்நோய் வருவது அரிதென்றும், பெரும்பாலும் காரணம் புலப்படாத நீர்ப்பை அழற்சியே என்றும், வீட்டில் நேரும் கலவரம் அதைத் தூண்டுமென்றும் அவர் விளக்கினார். எட்டு விருந்தினரும் சுண்ணாம்பு வாடையும் ஒரு பூனையின் நீர்ப்பையில் போய் முடியுமென்று யார் கண்டார்!

அன்றுமுதல் எங்கள் வீட்டு நடைமுறை மாறிற்று. பூனையின் மூதாதை ஆப்பிரிக்கக் காட்டுப்பூனை. வறண்ட நிலத்தில் இரையின் உடலிலுள்ள நீரையே பெரிதும் நம்பி வாழ்ந்த இனமாதலால், தாகமெடுத்துத் தானே போய் நீர் குடிக்கும் பழக்கம் அதற்குக் குறைவு. கடையில் விற்கும் உலர்ந்த தீனியிலோ பத்தில் ஒரு பங்குதான் நீர். ஆகவே வைத்தியர் குறித்த ஈர உணவையே தருகிறோம். அதிலும் இரண்டு கரண்டி வெந்நீர் கலக்கிறோம். உப்பும் வெங்காயமும் பூண்டும் சேராத மீன் வேகவைத்த நீரென்றால் கிண்ணத்தையே நக்கித் துடைப்பான். (மரக்கறி உண்ணும் எங்கள் அடுக்களையில் மீன் வெந்த கதை தாயாருக்கு இன்னும் தெரியாது.) மார்கழிக் குளிரில் கிண்ணத்து நீர் பனிக்கட்டியாய்ச் சில்லிட்டுப்போவதால் வேளைதோறும் மாற்றி வெதுவெதுப்பாக வைக்கிறோம். ஒரு பூனைக்கு இரண்டு மண் தட்டு, வெவ்வேறு அறைகளில். விருந்தினர் வந்தால் ஏறி ஒளிய அலமாரி மேல் ஒரு பழைய கம்பளி.

இவற்றினும் பெரிது ஒன்றுண்டு: மண்ணில் விழும் கட்டிகளை எண்ணுவது. காலையும் மாலையும் எண்ணி நாட்காட்டியில் குறிக்கிறோம். கட்டி சிறுத்துப் பலவானால் கடுப்பு. ஒன்றுமே இல்லையானால் ஆட்டோ.

இக்கணக்கினால் இரண்டாண்டுகள் நாங்கள் இருவரும் சேர்ந்து ஊருக்குப் போகவில்லை. ஒருவர் போனால் ஒருவர் காவல். உறவினர் சிரித்தனர், சிலர் வருந்தவும் செய்தனர். 2024 ஆம் ஆண்டில் தங்கை மகள் கலியாணம் வந்தது. இருவரும் போகாமல் தீராது. எதிர்வீட்டுப் பஞ்சாபி அம்மையார், “சாவியைக் கொடுத்துவிட்டுப் போங்கள்; நானும் நான்கு பிள்ளை வளர்த்தவள்தான்” என்றார். எண்ணும் முறையை அவருக்குக் கற்பித்து, நாட்காட்டியையும் பென்சிலையும் ஒப்படைத்துவிட்டு ரயிலேறினோம்.

முகூர்த்த வேளையில், நாதசுரமும் தவிலும் முழங்க, தொலைபேசி அதிர்ந்தது. மண்டபத்துக்கு வெளியே ஓடிவந்து ஒரு காதைப் பொத்திக்கொண்டு கேட்டோம். “தோ பார்!” என்று உரக்கக் கூவினார் அம்மையார். இரண்டு தடவை. இரண்டும் பெரிய கட்டி. நாங்கள் உள்ளே திரும்பியபோது தாலி கட்டி முடிந்திருந்தது.