பக்கத்து வீட்டுக்காரருக்கு நோட்டீஸ் இல்லை

நகராட்சி அனுமதி தந்தது ஒரு மாடி வீட்டுக்கு. எழும்பியதோ நான்கு மாடி லாட்ஜ். பக்கத்து வீட்டில் வசித்தவர் ஓய்வு பெற்ற ஆசிரியை. என்னிடம் வந்தபோது அவர் கையில் ஒரு கட்டு மனு நகல்களும் ஒப்புகை அட்டைகளும் இருந்தன. ஆணையருக்கு, கலெக்டருக்கு, முதலமைச்சரின் தனிப்பிரிவுக்கு என்று ஓயாமல் எழுதியிருந்தார். வேலை மட்டும் ஒரு நாளும் நிற்கவில்லை.

1971ஆம் ஆண்டின் தமிழ்நாடு நகர் ஊரமைப்புச் சட்டத்தில், விதிமீறிய கட்டுமானத்தை அகற்ற 56ஆம் பிரிவும், நடக்கும் வேலையை நிறுத்த 57ஆம் பிரிவும் இருக்கின்றன. நோட்டீஸ் பெற்றவர் அரசிடம் முறையிட 80-ஏ பிரிவு வழிவிடுகிறது. இது நியாயமே, இடிக்கும் முன் ஒருவர் சொல்வதைக் கேட்கத்தான் வேண்டும். ஆனால் காற்றையும் வெளிச்சத்தையும் இழப்பவரை அனுமதி தரும்போதும் யாரும் கேட்பதில்லை, முறையீட்டின்போதும் யாரும் அழைப்பதில்லை. எங்கள் வழக்கில் முறையீடு நிலுவையில் இருப்பதைக் காட்டி ஆணையர் ஒதுங்கிக்கொண்டார்.

உயர் நீதிமன்றத்தில் ரிட் மனு போட்டோம். மனுவைப் பரிசீலித்து எட்டு வாரத்துக்குள் முடிவெடுக்கும்படி நகராட்சிக்கு உத்தரவு வந்தது. சுவரை அளப்பது நீதிமன்றத்தின் வேலை அல்ல, அளக்க வேண்டியவரை அளக்கச் சொல்வதே அதன் வேலை என்பதால் அந்த உத்தரவில் குறை காண முடியாது. ஆனால் கட்டுமானத்தில் எட்டு வாரம் என்பது ஒரு தளம். "சார், உத்தரவு நகல் கைக்கு வர்றதுக்குள்ள மேல்தளத்துக்குக் கான்கிரீட் போட்டுட்டாங்க" என்றார் அந்த அம்மா.

மீண்டும் நீதிமன்றம் போனபோது எதிர்த்தரப்பு இரண்டு வாதங்களை வைத்தது. பெரும்பணம் செலவாகிவிட்டது என்பது முதலாவது. உடுப்பியில் கல்யாண மண்டபத்துக்கு வாங்கிய அனுமதியை சினிமா தியேட்டருக்கு மாற்றிய வழக்கில், 1974இலேயே உச்ச நீதிமன்றம் இதை ஏற்கவில்லை. விதிப்படி நடக்கும்படி நகரசபையைக் கேட்க அங்கே குடியிருப்பவருக்கு உரிமை உண்டு என்றது. 2007 ஜூலை 1க்கு முன் எழுந்த கட்டடங்களை வரன்முறைப்படுத்தும் 113-சி பிரிவு தங்களுக்குப் பொருந்தும் என்பது இரண்டாவது. அதற்குப் பழைய வீட்டின் வரி ரசீதுகளைக் காட்டினார்கள். அந்த வாதத்தை உடைத்தவை அம்மாவின் ஒப்புகை அட்டைகள். எந்தத் தளம் எந்த மாதம் எழும்பியது என்பதற்கு, பலனற்றுப் போனதாக அவர் நினைத்த புகார்களே சாட்சியாயின.

அனுமதியில்லாத மேல்தளங்கள் இடிக்கப்பட்டன. பக்கத்தில் விட வேண்டிய இடத்தை விழுங்கிய தூண்கள் மட்டும், அனுமதி பெற்ற தளங்களையும் தாங்கியதால் அப்படியே நின்றன. வழக்கில் வென்றவர் சமையலறையில் இன்றும் பகலில் விளக்கு எரிகிறது.

அனுமதித்த வரைபடத்தைக் கட்டுமான இடத்திலேயே பார்வைக்கு வைக்க வேண்டும், நிறைவுச் சான்று இல்லாமல் மின், குடிநீர் இணைப்பு தரக்கூடாது என்று 2024 டிசம்பரில் உச்ச நீதிமன்றம் கூறியிருக்கிறது. அதைக் கேட்டு வாங்குவது நம் பொறுப்பு. பக்கத்து மனையில் வானம் தோண்டும்போதே வரைபடத்தைப் பாருங்கள். இல்லாவிட்டால் தகவல் அறியும் உரிமைச் சட்டத்தில் நகல் கேளுங்கள். புகாரை எழுத்தில் கொடுத்து, தேதியோடு ஒப்புகை வாங்கிப் பத்திரமாக வையுங்கள். தூண் எழுந்த பிறகு தீர்ப்பு கிடைக்கலாம். வெளிச்சம் கிடைப்பது அரிது.