எத்தனை மணிக்கு உடைஞ்சது?

வளைகாப்பு முடிந்து மகளை அழைத்துவந்து பத்து நாள்கூட ஆகவில்லை. தியாகதுருகத்தில் எங்கள் வீட்டு உள்ளறையில், கை நிறையக் கண்ணாடி வளையலோடு படுத்திருந்தாள். நடுராத்திரியில் என்னை எழுப்பினாள். "அம்மா, பாவாடையெல்லாம் நனைஞ்சிருக்கு. ஒண்ணுக்குப் போன மாதிரி தெரியல." தொட்டுப் பார்த்தேன். வெதுவெதுப்பாக இருந்தது, மூத்திர வாடை இல்லை. மூன்று பிள்ளை பெற்றவள் நான். அப்படியிருந்தும் சொன்னேன்: "வலி இல்லையே கண்ணு. இன்னும் மாசம் இருக்கு. விடியட்டும், பாத்துக்கலாம்."

அப்படிச் சொன்னதற்காக இன்றுவரை என்னை நான் மன்னிக்கவில்லை.

காலையில் ஆஸ்பத்திரிக்குப் போனதும் டாக்டரம்மா கேட்ட முதல் கேள்வி, "எத்தனை மணிக்கு உடைஞ்சது?" எனக்குச் சொல்லத் தெரியவில்லை. பன்னிரண்டா, ஒன்றா, இரண்டா? கடிகாரம் தலைமாட்டிலேயே இருந்தது. நான் திரும்பிப் பார்க்கவே இல்லை. அப்போது அவளுக்கு 32 வாரம்.

வலி வந்தால்தான் பிரசவம் என்று எங்கள் காலத்துப் பெண்கள் நம்பினோம். வலியே இல்லாமல் பனிக்குடம் உடையும். 37 வாரம் ஆகும் முன் உடைந்தால் அது குறைமாசப் பிரசவத்துக்கு வழி. குடம் குடமாகக் கொட்ட வேண்டும் என்பதில்லை. சொட்டுச் சொட்டாகக் கசிந்து துணியை நனைத்துக்கொண்டே இருந்தாலும் அதுதான். குழந்தையைச் சுற்றியிருந்த வேலி அங்கே திறந்துவிட்டது. இனி கிருமி உள்ளே ஏறலாம், ஏறினால் தாய்க்கும் ஆபத்து, பிள்ளைக்கும் ஆபத்து. அதனால்தான் மணி கேட்கிறார்கள்.

இன்னொரு காரணமும் உண்டு. குறைமாசப் பிள்ளைக்கு நுரையீரல் முற்றியிருக்காது. நியூசிலாந்தில் லிக்கின்ஸ் என்ற மருத்துவர் சினை ஆடுகளின் வயிற்றில் இருந்த குட்டிகளுக்கு ஸ்டீராய்டு மருந்து கொடுத்து ஆராய்ந்தார். மூச்சு விடவே முடியாது என்று எண்ணிய குறைமாசக் குட்டிகள் மூச்சு விட்டன. 1969-இல் அதை எழுதினார். 1972-இல் ஹோவி என்ற குழந்தை மருத்துவரோடு சேர்ந்து, தாய்மார்களுக்கு அதைக் கொடுத்தால் பிள்ளைகளுக்குப் பலன் கிடைப்பதைக் காட்டினார். எங்கள் ஊர் வாரச்சந்தையில் ஆட்டுக்குட்டிகளைப் பார்த்தே வளர்ந்தவள் நான். அந்தக் குட்டிகளில் இருந்துதான் என் பேரனுக்கு மூச்சு வந்தது என்று நினைத்தால் இப்போதும் கண் கலங்குகிறது.

என் மகளுக்கு அந்த ஸ்டீராய்டு ஊசியை 12 மணி நேரத்துக்கு ஒன்றாக நான்கு போட்டார்கள். கிருமி ஏறாமலிருக்க மாத்திரையும் கொடுத்தார்கள். முதல் ஊசி போட்டு ஒரு நாளாவது பிள்ளை உள்ளே இருந்தால்தான் பலன் முழுதாகக் கிடைக்கும். சிலருக்குப் பனிக்குடம் உடைந்த பிறகும் நாள் கணக்கில், வாரக் கணக்கில்கூடப் பிள்ளை தங்கும். என் மகளுக்கு மூன்றாம் நாளே பிறந்துவிட்டது. நான் விடியட்டும் என்று தள்ளிய நேரம் அந்தக் கணக்கில் போன நேரம்.

1 கிலோ 600 கிராம். என் உள்ளங்கையும் முழங்கையும் சேர்ந்தால் அவன் படுக்கை. "ஏழு மாசம் பிழைக்கும், எட்டு மாசம் பிழைக்காது" என்று பார்க்க வந்த ஒருத்தி, மகள் காது கேட்கவே சொன்னாள். எங்கேயிருந்து வந்த பேச்சோ! ஹிப்போகிரட்டிஸ் பெயரில் வழங்கும் பழைய கிரேக்க நூல்களிலும் இதே நம்பிக்கை இருக்கிறதாம். எத்தனை பழையதானாலும் பொய் பொய்தான். வயிற்றில் கூடுதலாக இருக்கும் ஒவ்வொரு வாரமும் பிள்ளைக்குப் பலம். தயவு செய்து இந்தப் பேச்சைப் பெற்றவள் முன்னால் பேசாதீர்கள்.

சப்பிக் குடிக்க அவனுக்குத் தெம்பில்லை. மகள் பீய்ச்சித் தரும் பாலை நர்ஸ் பாலாடையில் எடுத்து, உதட்டோரம் சாய்த்துச் சாய்த்து விடுவார். ஒரு பாலாடை பால் இறங்க அரை மணி ஆகும். பிறகு அவனை வெறும் மார்பில், தோலோடு தோலாக வைத்து நூல்புடவையால் கட்டிக்கொள்ளச் சொன்னார்கள். கங்காரு முறை என்றார்கள். கொலம்பியா நாட்டில் இன்குபேட்டர் போதாமல் 1978 வாக்கில் தொடங்கிய வழக்கமாம். மகள் அசந்து தூங்கும்போது நான் கட்டிக்கொள்வேன். குருவி நெஞ்சு மாதிரி அவன் நெஞ்சு என் நெஞ்சில் அடித்துக்கொள்ளும். ஒவ்வொரு மூச்சையும் எண்ணிக்கொண்டே உட்கார்ந்திருப்பேன்.

அவன் பிறந்தபோது எங்கள் கள்ளக்குறிச்சிப் பகுதி விழுப்புரம் மாவட்டத்தில் இருந்தது. 2019 நவம்பரில் தனி மாவட்டமானது, சிறுவங்கூரில் அரசு மருத்துவக் கல்லூரியும் வந்துவிட்டது. எங்கள் ஊர்க்காரர்களுக்கு இனித் தூரம் ஒரு சாக்கு இல்லை. கல்வராயன் மலையில் இருப்பவர்களுக்குத்தான் கவலை. வெள்ளிமலையிலிருந்து மலைப்பாதையில் இறங்கிக் கச்சிராயபாளையம் வழியாக வர வேண்டும். அவர்கள் ஒன்று தெரிந்துகொள்ளட்டும்: 24 வாரத்துக்கு மேல் 34 வாரத்துக்குள் குறைமாசப் பிரசவம் வரும் என்று தெரிந்தால், நுரையீரலுக்கான முதல் ஊசியைக் கிராம சுகாதார செவிலியரே போட்டு அனுப்பலாம் என்று மத்திய அரசின் வழிகாட்டுதலே இருக்கிறது. பக்கத்து சுகாதார நிலையத்தில் கேளுங்கள்.

மாமியார்களே, அம்மாக்களே, பெண் நனைந்த துணியோடு வந்து நின்றால் முதலில் மணியைப் பாருங்கள். சுத்தமான பருத்தித் துணி வைத்து, தண்ணீர் தெளிவா, பச்சையா, ரத்தம் கலந்ததா என்று கவனியுங்கள். கை விட்டுப் பார்க்க யாரையும் விடாதீர்கள். கஷாயம் வேண்டாம். வலிக்காகக் காத்திருக்க வேண்டாம். 108-க்குப் போன் போடுங்கள், அது நடுராத்திரி ஆனாலும்.