மருந்துக்கு முன்னால் ஒரு கேள்வி

மலச்சிக்கல் என்று சொல்லிக்கொண்டு என்னிடம் யாரும் வருவதில்லை. "பசியே இல்லீங்க டாக்டரம்மா" என்பார்கள். "தலை கனமா இருக்குதுங்க", "இடுப்புல ஒரே புடிப்புங்க" என்பார்கள். நாடி பார்த்து, நாக்கு பார்த்து, மருந்தும் மடித்துக் கொடுத்த பிறகு எழுந்து வாசல்வரை போவார்கள். அங்கே நின்று திரும்பி, குரலைத் தாழ்த்திச் சொல்வார்கள்: "அப்பறம்... வெளிக்குப் போயி நாலு நாளாச்சுங்க." வந்ததே அதற்காகத்தான். கொடுமுடியில் சித்த மருத்துவம் பார்க்கத் தொடங்கிய காலத்தில், அந்தக் கடைசி வாக்கியம் வரும்வரை காத்திருக்க எனக்குத் தெரியவில்லை. இன்று என் தொழிலில் பாதி அந்தக் காத்திருப்புதான்.

மறு பாதி கேள்விகள். எந்நேரத்துக்கு எந்திரிக்கிறீங்க? எந்திரிச்சதும் என்ன குடிக்கிறீங்க? பகல் முழுக்க எங்க இருக்கிறீங்க? முதல் இரண்டும் கல்லூரியில் படித்தவை. மூன்றாவதை எனக்குச் சொல்லிக்கொடுத்தவர் மஞ்சள் காட்டில் களை எடுக்கப் போகும் ஓர் அக்கா.

ஐம்பதை நெருங்கும் வயது. கீரை சேருங்கள், கொய்யா சாப்பிடுங்கள், நிறையத் தண்ணீர் குடியுங்கள் என்று எல்லாருக்கும் சொல்வதை அவருக்கும் சொல்லி, கடுக்காய்ச் சூரணமும் கொடுத்து அனுப்பினேன். இரண்டு வாரம் கழித்து வந்தார். ஒரு மாற்றமும் இல்லை. "தண்ணி குடிக்கச் சொன்னேனேக்கா?" என்றேன். அவர் தரையைப் பார்த்தபடி சொன்னார்: "குடிச்சா ஒதுங்கோணுமேங்க. ஆம்பளைங்க நடமாடற மஞ்சக்காட்டுல எங்கீங்க ஒதுங்கறது?"

காலை ஏழு மணிக்கு வீட்டை விட்டால் திரும்ப மூன்று மணி ஆகும். அதுவரை ஒரு வாய் தண்ணீர்தான். வயிறு கூப்பிட்டாலும் அடக்கிக்கொள்வார். இத்தனைக்கும் இது காவிரிக்கரை ஊர். பங்குனி உத்திரத்துக்கு இங்கிருந்து காவிரித் தீர்த்தம் சுமந்து பழனிவரை நடக்கிறார்கள். 1283-ல் வெட்டி முடித்ததாகச் சொல்லப்படும் காலிங்கராயன் வாய்க்கால் பவானியிலிருந்து வந்து இந்தப் பக்கத்து வயல்களுக்குப் பாய்கிறது. இத்தனை தண்ணீருக்கு நடுவில் நாள் முழுக்கத் தாகத்தோடு நிற்கும் ஒரு பெண்ணிடம் "தண்ணி குடிங்க" என்று சொல்லிவிட்டு மருத்துவம் செய்ததாக நினைத்திருக்கிறேன்.

சித்த மருத்துவம் அடக்கக் கூடாத பதினான்கு வேகங்களைச் சொல்கிறது. மலமும் அதில் ஒன்று. கீழ்நோக்குங்கால் என்ற அபான வாயுவைத் தடுத்தால் அது திசை மாறி வயிற்றுப் பொருமலாக, தலைநோவாக, இடுப்பு வலியாகப் பேசும் என்பது நம் நூல்களின் கணக்கு. இன்றைய உடலியல் இதை வேறு சொற்களில் சொல்கிறது. பெருங்குடலின் வேலைகளில் ஒன்று தண்ணீரை உறிஞ்சுவது. மலம் அங்கே தங்கத் தங்க ஈரம் போய்க் கட்டியாகும். வரும் உணர்வை அடக்கிக்கொண்டே இருந்தால் மலக்குடல் அந்த உணர்வைக் கொடுப்பதையே குறைத்துவிடும்.

அந்த அக்காவுக்கு மருந்தை மாற்றவில்லை, காலையை மாற்றினோம். அரை மணி நேரம் முன்னதாக எழுவது. எழுந்ததும் இரண்டு தம்ளர் வெதுவெதுப்பான தண்ணீர். வெறும் டீயோடு கிளம்பாமல் ஒரு சொம்பு கம்மங்கூழ். வயிற்றில் உணவு விழுந்ததும் பெருங்குடல் அசைந்து கொடுப்பது உடம்பின் இயல்பு, காலையில் அது கூடுதலாக இருக்கும். அதனால் கூழ் குடித்த பிறகு, வந்தாலும் வராவிட்டாலும் பத்து நிமிடம் கழிவறையில் உட்காரச் சொன்னேன், முக்காமல். பகலில் குடிக்க முடியாத தண்ணீரை வேலை முடிந்து வந்த பிறகு பொழுது சாயும்வரை கொஞ்சம் கொஞ்சமாகக் குடிக்கச் சொன்னேன்.

பிறகு கேட்டேன்: "களை எடுக்கறப்ப தொய்யக்கீரை, பண்ணைக்கீரை வருதுங்களா?" "வருதுங்க, புடுங்கி வரப்புல போட்டுருவோம்." "களைக்கொல்லி அடிக்காத காடா இருந்தா ஒரு புடி மடியில கட்டிட்டு வாங்க. பூண்டும் சின்ன வெங்காயமும் போட்டுக் கடைஞ்சு சாப்புடுங்க." அவர் சிரித்தார். களை என்று பிடுங்கி எறிந்தது அவருடைய ஆத்தா காலத்தில் சட்டியில் வெந்த கீரை. மூன்று வாரத்தில் ஒன்றுவிட்டு ஒரு நாள் போனார். இரண்டு மாதத்தில் தினமும்.

உணவைப் பற்றி ஒரு கணக்குச் சொல்ல வேண்டும். தீட்டிய பச்சரிசி 100 கிராமில் நார்ச்சத்து 3 கிராம்கூடத் தேறாது. அதே அளவு கம்பிலும் ராகியிலும் 11 கிராமுக்கு மேல், சோளத்தில் 10 கிராம். கொள்ளில் சுமார் 8 கிராம். ஒரு நாளைக்குப் பெரியவர்களுக்குக் குறைந்தது 25 கிராமாவது வேண்டும் என்று உலகச் சுகாதார நிறுவனம் சொல்கிறது. கம்மஞ்சோறும் சோளச்சோறும் ராகிக்களியும் தின்ற நாடு கொங்கு. மூன்று வேளையும் வெள்ளைச் சோறும் இட்லியும் என்றானபோது நம் தட்டிலிருந்து நார் இறங்கிவிட்டது.

எங்கள் அம்மிச்சி கம்பு குத்துவதைப் பார்த்து வளர்ந்தவள் நான். கம்பில் தண்ணீர் தெளித்துப் பிசறி, சற்று ஊறவிட்டு உரலில் போட்டுக் குத்துவார். உமி விட்டதும் முறத்தில் புடைத்து, மறுபடி குத்தி, நொய்யாக்கிக் காய்ச்சுவார். மறுநாள் காலை மோர் ஊற்றிக் கரைத்து, சின்ன வெங்காயத்தைக் கடித்துக்கொள்ளக் கொடுப்பார். இன்று உரல் வேண்டியதில்லை, மிக்சியில் ஒரு சுற்று போதும். ஆனால் மாவை நைசாகச் சலித்துத் தவிட்டை எறிந்துவிட்டால் எதற்காகக் கம்புக்குப் போனோமோ அது போய்விடும். நாரை ஒரே நாளில் கூட்டக் கூடாது, வயிறு உப்பும். வாரம் வாரம் கொஞ்சமாகக் கூட்டி, தண்ணீரையும் சேர்த்துக் கூட்ட வேண்டும்.

பழத்திலும் பக்குவம் உண்டு. காயாக இருக்கும் வாழைப்பழம் சிலருக்கு மலத்தைக் கட்டும். தோலில் கரும்புள்ளி விழும்வரை பொறுக்கச் சொல்வேன். கொய்யாவை விதையோடு தின்னலாம். இரவில் இருபது உலர்திராட்சையை ஊறப்போட்டு, காலையில் அந்தத் தண்ணீரோடு சாப்பிடுவது குழந்தைகளும் ஏற்கிற மருந்து.

மருந்து என்று வரும்போது என் கை தயங்கும். கொட்டமுத்து எண்ணெய், அதாவது ஆமணக்கு எண்ணெய், எங்கள் வீடுகளில் பருப்பு வேகும்போது ஒரு சொட்டு விடுகிற பொருள். பேதிக்கு அதைக் கொடுக்கும்போது குடலைத் தூண்டி வேலை வாங்குகிறது. அதனால் கர்ப்பிணிகளுக்குக் கூடாது. கைக்குழந்தைக்கு மூக்கிலும் வாயிலும் எண்ணெய் விடும் வழக்கத்தை விட்டுவிடச் சொல்லிப் பாட்டிமார்களிடம் கெஞ்சியிருக்கிறேன். எண்ணெய் நுரையீரலுக்குள் போனால் உயிருக்கு ஆபத்து.

நிலாவரை இன்னொன்று. நான் படித்த பாளையங்கோட்டை பக்கத்து வறண்ட நிலங்களில் விளையும் அந்த இலைக்கு உலகச் சந்தையில் திருநெல்வேலியின் பேரே வழங்குகிறது. சில நாள்களுக்கு நல்ல மருந்து. ஒரு பெரியவர் பல வருடமாக இரவுதோறும் அந்தச் சூரணம் சாப்பிட்டு வந்தார். அது இல்லாமல் போகாது என்ற பயம் அவருக்கு. அளவைக் கொஞ்சம் கொஞ்சமாகக் குறைத்து, கூழையும் கீரையையும் கொஞ்சம் கொஞ்சமாகக் கூட்டி விடுவிக்க ஐந்து மாதம் பிடித்தது. நான் முதலில் எடுப்பது கடுக்காய்தான். கொட்டை நீக்கிய தோல் பொடி, அரைத் தேக்கரண்டி, இரவில் வெந்நீரோடு, அதுவும் சில வாரங்களுக்கு. நம் நூல்கள் பேதி மருந்தை நான்கு மாதத்துக்கு ஒருமுறை என்று வைத்தன. தினப்படிக்கு வைத்தது உணவைத்தான்.

மூட்டுவலியால் மேற்கத்தியக் கழிவறைக்கு மாறிய முதியவர்களுக்குக் காலடியில் அரையடி உயரப் பலகை போட்டுக்கொள்ளச் சொல்கிறேன். முழங்கால் உயர்ந்தால் மலம் இறங்கும் வழி நேராகும். இரும்புச்சத்து மாத்திரை, சில வலி மாத்திரைகள், தைராய்டு குறைவு இவையும் மலத்தைக் கட்டும் என்பதால் என்ன மாத்திரை சாப்பிடுகிறார்கள் என்று கேட்காமல் விடுவதில்லை. மலத்தில் ரத்தம், காரணமில்லாமல் எடை குறைதல், ஐம்பது வயதுக்கு மேல் திடீரென மாறிய பழக்கம், வாயுகூடப் பிரியாமல் வாந்தியோடு வயிறு வீங்குதல், இவற்றில் ஒன்று இருந்தாலும் கைவைத்தியம் வேண்டாம். உடனே பெரிய ஆஸ்பத்திரிக்கு எழுதிக் கொடுத்துவிடுவேன்.

அந்த அக்கா இப்போதும் வருகிறார். தன்னோடு களை எடுக்கும் பெண்களையும் கூட்டி வருகிறார். அவர்களிடம் நான் முதலில் கேட்பது அந்த மூன்றாவது கேள்வியைத்தான்: பகல் முழுக்க எங்க இருக்கிறீங்க? பதில் பெரும்பாலும் ஒன்றுதான். கூழும் கீரையும் நான் சொல்லிவிடலாம், ஒதுங்க இடம் என்னால் எழுதிக் கொடுக்க முடியாது. தோட்டம் வைத்திருப்பவர்கள் இதைப் படித்தால் உங்களிடம் ஒரு வேண்டுகோள்: மோட்டார் ரூம் பக்கத்தில், கதவும் தாழ்ப்பாளும் உள்ள ஒரு கழிவறை கட்டிக்கொடுங்கள். உங்கள் மஞ்சளுக்குக் களை எடுக்க வரும் பெண்கள் பகலில் வயிறாரத் தண்ணீர் குடிக்கட்டும்.