அடுப்பால் பெயர் பெற்ற மீனவக் குப்பம்

மேற்கு ஆப்பிரிக்காவில் கானா என்றொரு நாடு. அதன் தலைநகர் அக்ரா. நகரின் கரையோரமாக மேற்கே நடந்து, கோர்லே காயலைத் தாண்டிப் போனால் சோர்கோர் வரும். தகரக் கூரை வீடுகள், மணலில் இழுத்துப் போட்ட வண்ண மரப்படகுகள், காய்ந்துகொண்டிருக்கும் வலைகள் என நம் குப்பங்களைப் போலவே இருக்கும் மீனவர் பகுதி. மீனுக்குப் பேர்போன ஊர்கள் உலகத்தில் ஏராளம். இந்த ஊருக்கு அடுப்பால் பேர் கிடைத்தது. மேற்கு ஆப்பிரிக்கக் கரையில் மீன்தொழில் செய்கிறவர்களிடம் 'சோர்கோர்' என்று சொன்னால், பலருக்கு மீன் புகைபோடும் அடுப்புதான் நினைவுக்கு வரும்.

வெயில் இல்லாத நேரத்தில் வரும் மீன்

நம் கரையில் மீன் மிஞ்சினால் உப்புப் போட்டு வெயிலில் காயவைத்துக் கருவாடாக்குகிறோம். அங்கே ஏன் புகை? காரணம் கடலிலேயே இருக்கிறது. ஜூலை முதல் செப்டம்பர் வரை கானா கரையோரம் ஆழத்துக் குளிர்ந்த நீர் மேலே வருகிறது. அதோடு சத்தும் வருவதால் மீன் கூட்டம் கூட்டமாகச் சேர்கிறது. நம் மத்தி, சாளைக்கு நெருங்கிய சொந்தமான, அதே இனத்து மீன்கள்தான் அப்போது அதிகம் படும். ஆனால் அந்த மாதங்களில் அக்ராவில் வானம் மூடிக்கிடக்கும். வெயிலை நம்பினால் மீன் அழுகிப்போகும். கொழுப்பு மிகுந்த மீன் என்பதால் சிக்கல் இன்னும் கூடும். அதனால் நெருப்பை நம்பினார்கள்.

கடலுக்குப் போவது ஆண்கள். மீன் கரையேறியதும் பொறுப்பு பெண்களுடையது. வாங்குவது, புகைபோடுவது, சந்தைக்கு அனுப்புவது எல்லாம் அவர்கள்தான். இந்தக் கரையின் கா இன மக்கள் செவ்வாய்க்கிழமை கடலுக்குப் போவதில்லை. அன்று கடலுக்கு ஓய்வு. மற்ற நாட்களில் படகு வருவதைப் பொறுத்துத்தான் அடுப்பு எரியும். எத்தனை கூடை வந்தாலும் கெடுவதற்குள் நெருப்பில் ஏற்றியாக வேண்டும்.

டிரம் அடுப்பின் தொல்லை

முன்பு இவர்களிடம் இருந்தது இரண்டு வகை அடுப்பு. ஒன்று, மண்ணால் கட்டிய வட்ட அடுப்பு. மற்றது, எண்ணெய் வந்து இறங்கிய 200 லிட்டர் இரும்பு டிரம்மை வெட்டிச் செய்தது. காயலான் கடைக்குப் போக வேண்டிய டிரம்தான். அடியில் விறகு திணிக்க ஒரு வாய், மேலே குச்சியும் கம்பி வலையும், அதன்மேல் மீன். செலவு குறைவு, செய்வதும் சுலபம்.

தொல்லை புழக்கத்தில் தெரிந்தது. அடி அடுக்கு கருகும், மேலடுக்கு வேகாது. மீனைத் திருப்பிப் போட எல்லா அடுக்கையும் சூட்டோடு இறக்கி ஏற்ற வேண்டும். கை சுடும், கண் எரியும், மீன் உடையும். டிரம்மின் மெல்லிய தகடு வழியே சூடு வெளியே போவதால் விறகும் வீண். உடைந்த மீனுக்குச் சந்தையில் பாதி விலைகூடக் கிடைக்காது.

மாற்றம் வந்தது தட்டில்

1969ஆம் ஆண்டு, கானாவின் உணவு ஆராய்ச்சி நிறுவனமும் ஐ.நா.வின் உணவு மற்றும் வேளாண் அமைப்பும் இந்த ஊரில் புது அடுப்பு ஒன்றை உருவாக்கத் தொடங்கின. அதில் புதுமை என்று பார்த்தால் நெருப்பில் எதுவும் இல்லை. அதே விறகு, அதே மண். அடுப்பை நீள்சதுரமாக்கினார்கள், நடுவே சுவர் வைத்து இரண்டு அறையாகப் பிரித்து, முன்னால் இரண்டு வாய் விட்டார்கள். அதன்மேல் அடுக்கத் தட்டுகள் செய்தார்கள். மரச்சட்டம், அடியில் கம்பி வலை, எல்லாத் தட்டும் ஒரே அளவு.

அந்தத் தட்டுதான் வேலையை மாற்றியது. பத்து, பதினைந்து தட்டுகளை இடைவெளியின்றி அடுக்கினால் அந்த அடுக்கே புகைபோக்கி ஆகிவிடுகிறது. சூடும் புகையும் பக்கவாட்டில் கசியாமல் மீன் வழியாகவே மேலே ஏறுகின்றன. மீனைத் தொட்டுத் திருப்ப வேண்டியதில்லை. அடித்தட்டை மேலே, மேல்தட்டைக் கீழே மாற்றினால் போதும். விறகு குறைந்தது, ஒரே நேரத்தில் ஏற்றும் மீன் பல மடங்கானது.

மரத்தட்டு நெருப்பில் எரியாதா என்று கேட்பீர்கள். தட்டின் சட்டம் அடுப்புச் சுவரின் தடிப்பின்மேல் உட்காரும்படி அளவெடுத்திருக்கிறார்கள். மீன் மட்டும் நெருப்புக்கு நேரே இருக்கும்; மரம் சுவர்மேல் இருக்கும். இந்த ஒரு அளவு தப்பினால் தட்டு கரியாகிவிடும்.

மென்மையாக வேண்டுமானால் ஒன்றிரண்டு மணி நேரப் புகை போதும். அதை ஓரிரு நாளில் விற்றாக வேண்டும். வெளியூருக்கு அனுப்புவதானால் 10 முதல் 18 மணி நேரம், சில சமயம் நாள் கணக்கில் போட்டு ஈரத்தை வற்றவைக்கிறார்கள். அது சரியாகப் பாதுகாத்தால் மாதக்கணக்கில் தாங்கும்.

அடுப்பு தீர்க்காத கணக்கு

சோர்கோர் அடுப்பு விறகையும் உழைப்பையும் மிச்சப்படுத்தியது. புகையின் நஞ்சை அது தீர்க்கவில்லை. மீனின் கொழுப்பு உருகித் தணலில் சொட்டும்போது எழும் புகையில் பென்சோபைரீன் போன்ற புற்றுநோய்ப் பொருட்கள் உண்டாகி மீனில் படிகின்றன. புகைபோட்ட மீனில் பொதுவாக இது கிலோவுக்கு 2 மைக்ரோகிராமுக்கு மேல் இருந்தால் ஐரோப்பிய ஒன்றியச் சந்தையில் விற்க முடியாது. அடுப்பருகே நாள் முழுவதும் நிற்கும் பெண்ணின் நுரையீரலுக்கோ அப்படி வரம்பு வைக்க யாரும் இல்லை.

இதற்காகச் செனகல் நாட்டில் அடுத்த கட்டம் நடந்தது. தியாரோய் என்ற ஊரின் பெயரால் அழைக்கப்படும் அந்த முறையில், பழைய அடுப்பின்மேலேயே சில பாகங்களைச் சேர்க்கிறார்கள். புகையாமல் கனியும் தணலில் மீனை வேகவைப்பது, சொட்டும் கொழுப்பைத் தணலில் விழாமல் தட்டில் பிடிப்பது, நிறமும் மணமும் ஏறப் புகையைத் தனியாகக் கொஞ்ச நேரம் கொடுப்பது என மூன்று மாற்றங்கள். நஞ்சு வெகுவாகக் குறைகிறது. ஆனால் அடுப்பின் விலை கூடுகிறது. ஒரு கூடை மீன் வாங்கி விற்கும் பெண்ணுக்கு அந்தச் செலவே பெரிய தடை.

நம் வீட்டில் கட்டுவதானால்

புகை நமக்குப் புதிதல்ல. கன்னியாகுமரியில் ரப்பர் ஷீட்டுக்குப் புகைக்கூடு இருக்கிறது. சூரை மீனை அவித்துப் புகைபோட்டுக் காயவைத்து மாசி செய்வதில் மினிக்காய் தீவுக்காரர்கள் கைதேர்ந்தவர்கள். பண்ணைக்குட்டையில் மீன் வளர்ப்பவர்கள் வீட்டுத் தேவைக்குச் சிறிய அடுப்பு கட்டிப் பார்க்கலாம்.

ஒற்றை அறை போதும். இடித்த வீட்டுச் செங்கல்லையும் களிமண்ணையும் கொண்டு, உள்ளளவு இரண்டடி சதுரமாக, அரையடிச் சுவராக, இரண்டடி உயரம் எழுப்புங்கள். முன்பக்கம் ஓரடி அகலத்தில் வாய். பழைய கதவுச் சட்டத்தில் பெயின்ட் இல்லாத மரமாகப் பார்த்து, இரண்டு அங்குல அகலச் சட்டத்தில், வெளியளவு இரண்டரையடி சதுரமாக ஐந்தாறு தட்டுகள் செய்யுங்கள். அப்போது சட்டம் முழுவதும் சுவரின்மேல் நிற்கும். வலைக்குத் துருப்பிடிக்காத எவர்சில்வர் கம்பியே நல்லது. மேலே மூட மரப்பலகை போதும்.

பழைய சாமானில் எதைத் தொடக் கூடாது என்பதுதான் முக்கியம். பூச்சிமருந்தோ ரசாயனமோ வைத்திருந்த டிரம் வேண்டவே வேண்டாம். கழுவினாலும் எரித்தாலும் நம்ப முடியாது. துத்தநாகம் பூசிய தகரத்தை நெருப்புப் பக்கம் வைக்காதீர்கள். மூடியாக உடைந்த ஆஸ்பெஸ்டாஸ் ஷீட்டைப் போடாதீர்கள். விறகுக்குச் சவுக்கு, வேலிக்கருவை, தேங்காய் மட்டை சரி. பெயின்ட் அடித்த மரம், பிளைவுட், டயர், பிளாஸ்டிக் எதுவும் கூடாது.

மீனைக் குடல் நீக்கிக் கழுவி, நீர் வடித்து ஏற்றுங்கள். விறகு எரிந்து தணலான பிறகே மீன் ஏறட்டும். அடித்தட்டில் மீன் வைக்காமல் எவர்சில்வர் தாம்பாளம் ஒன்றை வைத்தால் சொட்டும் கொழுப்பு அதில் விழும். தாம்பாளம் அறையை முழுக்க அடைக்காமல் சுற்றிலும் புகைக்கு இடம் விடுங்கள். உள்ளே வெந்த மீனானாலும் ஈரம் இருக்கும்வரை அது கருவாடு அல்ல. அன்றோ மறுநாளோ சாப்பிட்டுவிட வேண்டும். அடுப்பைக் காற்றோட்டமான வெளியிடத்தில் கட்டுங்கள். விறகு தள்ளுகிறவர் முகத்தில் புகை அடிக்காதபடி காற்றின் திசை பார்த்து வாயை வையுங்கள்.