கயிற்றின் மறுமுனை

தியானப் பகுதி: மாற்கு 6:30-34; உபாகமம் 5:12-15



 பள்ளி விடுமுறை தொடங்கிவிட்டது. உங்களில் சிலர் பெட்டிகளைக் கட்டி ஆயத்தமாயிருக்கிறீர்கள். சிலர் பயணச்சீட்டு உறுதியாவதற்குக் காத்திருக்கிறீர்கள். வேறு பலருக்கோ விடுமுறை என்பது பிள்ளைகளுக்கு மட்டுமே உரிய சொல்லாயிருக்கிறது.

இந்தக் காலத்தில் ஆண்டுதோறும் சபையில் யாரேனும் ஒருவர் என்னிடம் ஒரு கேள்வி கேட்பதுண்டு. "ஐயா, ஜெபிக்க நேரமில்லை என்கிறோம், ஊழியத்துக்குக் கொடுக்கப் பணமில்லை என்கிறோம். அப்படியிருக்க, ஊர் சுற்றிப் பார்க்க நேரத்தையும் பணத்தையும் செலவழிப்பது ஆண்டவருக்குப் பிரியமாயிருக்குமா?" இப்படிக் கேட்கிறவர்கள் பெரும்பாலும் ஆண்டு முழுவதும் ஓய்வின்றி உழைக்கிறவர்களே. சோம்பலாயிருக்கிற மனிதனுக்கு இந்தச் சந்தேகம் எழுவதில்லை.

இந்தக் கேள்விக்கு மறுமொழி தேடி யாத்திராகமம் ஐந்தாம் அதிகாரத்தை வாசித்துப் பாருங்கள். மோசேயும் ஆரோனும் பார்வோனிடம் கேட்டது என்ன? ஜனங்கள் வனாந்தரத்திற்குப் போய்த் தங்கள் தேவனைத் தொழுதுகொள்ளச் சில நாட்கள் விடுப்பு. அதற்குப் பார்வோன் சொன்ன பதில், இவர்கள் சோம்பேறிகள் என்பதே. அன்றே வைக்கோல் நிறுத்தப்பட்டது. செங்கல்லின் கணக்கோ குறைக்கப்படவில்லை. பிரியமானவர்களே, ஒரு நாள் இளைப்பாற விரும்பும்போது உங்கள் உள்ளத்தில் "நீ சோம்பேறி" என்று ஒரு குரல் எழும்புமானால், அந்தக் குரலுக்குரியவன் யார் என்று நிதானித்துப் பாருங்கள். திருமறையில் அது பார்வோனின் அரண்மனையில் கேட்ட குரல்.

நம்முடைய ஆண்டவரின் குரல் வேறு. ஊழியத்திற்கு அனுப்பப்பட்ட சீஷர்கள் திரும்பிவந்து, தாங்கள் செய்தவற்றையும் போதித்தவற்றையும் அறிவித்தபோது, அவர் உடனே அடுத்த ஊருக்கு அனுப்பவில்லை. சாப்பிடவும் அவர்களுக்கு நேரமில்லாதிருந்ததைக் கண்டு, தனித்த இடத்திற்கு வந்து சற்றே இளைப்பாறும்படி அழைத்தார். அவர்கள் படவில் ஏறிச் சென்றார்கள். ஆனால் ஜனங்கள் கால்நடையாக ஓடி, அவர்களுக்கு முன்னே அந்தக் கரையில் போய் நின்றார்கள். ஆகவே அன்றைய தினம் சீஷர்களுக்குக் கிடைத்த இளைப்பாறுதல் அந்தப் படகுப் பயணம் மட்டுமே. அதுவும் ஆண்டவர் கொடுத்ததே. அதில் அவரும் அவர்களோடு இருந்தார்.

கடந்த விடுமுறையில் நானும் என் மனைவியும் கொச்சிக்குச் சென்று ஒரு சனிக்கிழமையை எந்த நிகழ்ச்சி நிரலும் இல்லாமல் கழித்தோம். எர்ணாகுளம் படகுத் துறையில் ஏறினால் சிறிது நேரத்தில் ஃபோர்ட் கொச்சி வந்துவிடுகிறது. இடப்புறம் வெலிங்டன் தீவு. வலப்புறம் துறைமுகத்திற்குள் நுழையும் பெரிய கப்பல்கள். படகில் நாம் செய்யக்கூடியது ஒன்றுமில்லை. நாம் அவசரப்பட்டாலும் படகு விரைவதில்லை. நாம் கவலைப்பட்டாலும் அலை அடங்குவதில்லை. ஆண்டவர் தம் சீஷர்களுக்குப் படவைத் தெரிந்துகொண்டதன் பொருள் எனக்கு அங்கே சற்று விளங்கிற்று.

கரையில் இறங்கியதும் நம் கண்ணில் படுவது சீன வலைகள். ஏறத்தாழ 10 மீட்டர் உயரமுள்ள மரச் சட்டங்களில் விரித்த வலை, துலாக்கோல்போல் நீருக்குள் இறங்கி எழும்புகிறது. மறுபுறத்தில் கயிறுகளில் பெருங்கற்கள் வரிசையாகக் கட்டப்பட்டிருக்கின்றன. ஒருவர் மரத்தின் மேல் நடந்துசெல்ல, அவருடைய பாரத்தால் வலை தாழ்கிறது. சில நிமிடங்கள் அது நீருக்குள் அசையாமல் கிடக்கிறது. பின்பு நான்கைந்து பேர் கயிற்றைப் பற்றி இழுக்க, கற்கள் ஒவ்வொன்றாகத் தரையில் வந்து அமர, வலை மேலே வருகிறது. அந்தக் காலையில் நாங்கள் பார்த்தவரை ஒவ்வொரு முறையும் அகப்பட்டது ஒரு கை அளவு சிறுமீன்களே.

அந்த மீனவர்கள் சுற்றுலாப் பயணிகளையும் கயிறு பிடிக்க அழைக்கிறார்கள். நானும் பிடித்தேன். கயிறு ஈரமாகவும் கரடுமுரடாகவும் இருந்தது. இரண்டு முறை இழுத்ததற்குள் உள்ளங்கை சிவந்தது. எங்களைச் சுற்றியிருந்தவர்கள் சிரித்தார்கள், படம் எடுத்துக்கொண்டார்கள். நான் கயிற்றை விட்டுவிட்டுத் தேநீர் குடிக்கப் போகலாம். எனக்கு முன்னே நின்ற முதியவர் போக முடியாது. ஒரே கயிற்றின் ஒரு முனையில் எனக்கு விடுமுறை. மறுமுனையில் அவருக்கு அன்றைய ஆகாரம். எனக்கு வேடிக்கையாயிருந்தது அவருக்குப் பிழைப்பு என்ற எண்ணம் அந்த நாள் முழுவதும் என்னைவிட்டு அகலவில்லை.

அங்கிருந்து சிறிது தூரம் நடந்தால் புனித பிரான்சிஸ் ஆலயம். ஐரோப்பியர் இந்தியாவில் கட்டிய மிகப் பழைய ஆலயங்களுள் ஒன்று. 1503-ல் மரத்தாலும் பின்னர் 1516-ல் கல்லாலும் கட்டப்பட்டது. போர்த்துக்கீசியரிடமிருந்து 1663-ல் டச்சுக்காரர் கைக்கும், பின்பு ஆங்கிலேயர் கைக்கும் மாறி, இன்று நம் தென்னிந்தியத் திருச்சபையின் ஆலயமாயிருக்கிறது. 1524-ல் கொச்சியில் மரித்த வாஸ்கோடகாமாவை இங்கேதான் அடக்கம் செய்தார்கள். 1539-ல் அவருடைய எலும்புகளைப் போர்ச்சுகலுக்கு எடுத்துச் சென்றுவிட்டார்கள். கல்லறைக் கல் மட்டும் இருக்கிறது. பயணிகள் அதைச் சுற்றி நின்று படம் எடுக்கிறார்கள்.

நானோ தலையை உயர்த்திப் பார்த்துக்கொண்டிருந்தேன். ஆசனங்களுக்கு மேலே குறுக்காக நீண்ட துணி விசிறிகள் தொங்குகின்றன. நம் முன்னோர் பங்கா என்று சொன்னது அதைத்தான். மின்விசிறி வருவதற்கு முன் ஆராதனை நடக்கும்போது ஆலயத்திற்கு வெளியே இருந்த ஆட்கள் கயிற்றால் இழுத்து அவற்றை அசைத்தார்கள். உள்ளே இருந்தவர்களுக்குக் குளிர்ந்த காற்று. வெளியே இருந்தவர்களுக்கு வெயிலும் கயிறும். உள்ளே ஓய்வுநாள், வெளியே வேலைநாள். இளைப்பாறுதலைப் பற்றிய பிரசங்கத்தையும் அந்த ஆலயத்தில் எத்தனையோ முறை செய்திருப்பார்கள். அதைக் கேட்டவர்களுக்குக் காற்று வரும்படி, சுவருக்கு அப்பால் ஒருவர் இளைப்பாறாமல் இருந்தார். அந்த மனிதருடைய பெயர் எந்தக் கல்லிலும் இல்லை.

பிற்பகலில் மட்டாஞ்சேரிக்குச் சென்றோம். அங்கே யூதத் தெருவின் முடிவில் 1568-ல் கட்டப்பட்ட பரதேசி ஜெப ஆலயம் இருக்கிறது. முன்பு ஒருமுறை அதனுள் சென்றிருக்கிறேன். செருப்பைக் கழற்றிவிட்டு, சீனத்திலிருந்து வந்த நீலமும் வெண்மையுமான ஓடுகள் பதித்த தரையில் நடக்கவேண்டும். மேலே கண்ணாடிச் சரவிளக்குகள். அன்று சனிக்கிழமையாதலால் கதவு மூடியிருக்கும் என்பது தெரிந்தே சென்றோம். தெருவில் ஏலக்காயும் மிளகும் விற்கும் கடைகள் திறந்திருந்தன. அந்த ஒரு கதவு மட்டும் மூடியிருந்தது. அந்தத் தெருவில் வாழ்ந்த யூதக் குடும்பங்களில் பெரும்பாலானவை 1948-க்குப் பின் இஸ்ரவேல் தேசத்திற்குச் சென்றுவிட்டன. ஆயினும் அங்கே ஓய்வுநாள் இன்னும் கதவை மூடுகிறது. பயணிகளின் கூட்டமும் நுழைவுக் கட்டணமும் அதைத் திறக்கமாட்டா.

பரதேசி என்னும் பெயரைக் கேட்டு நம் பிள்ளைகள் சிரிப்பார்கள். நம் தெருக்களில் அது வசைச்சொல். நம்முடைய தமிழ்த் திருமறையிலோ அது மரியாதையான சொல். எபிரெயர் பதினோராம் அதிகாரத்தில் விசுவாச வீரர்கள் தங்களைப் பூமியின்மேல் பரதேசிகள் என்று அறிக்கையிட்டார்கள். தொலைதேசங்களிலிருந்து அடைக்கலம் தேடி வந்த யூதர்களுக்குக் கொச்சி மன்னர் தம் அரண்மனைக்கு அருகிலேயே இடம் கொடுத்தார். வெளிதேசத்தாரின் ஆலயம் ஆதலால் அது பரதேசி ஜெப ஆலயம் ஆயிற்று.

இப்பொழுது உபாகமம் ஐந்தாம் அதிகாரத்திற்கு வாருங்கள். ஓய்வுநாள் யாருக்குக் கொடுக்கப்பட்டது? நீ, உன் மகன், உன் மகள் என்று தொடங்கி, வேலைக்காரன், வேலைக்காரி, மாடு, கழுதை, வாசலில் இருக்கும் அந்நியன் வரை அந்தப் பட்டியல் நீளுகிறது. உன்னைப்போல உன் வேலைக்காரனும் வேலைக்காரியும் இளைப்பாறவேண்டும் என்பதே அங்கே சொல்லப்படும் நோக்கம். அடுத்த வசனம் அதற்குக் காரணத்தையும் சொல்லுகிறது: நீயும் எகிப்திலே அடிமையாயிருந்தாய், அதை மறவாதே. அதாவது, செங்கல் சுமந்த தோள் எதுவோ அதற்குத்தான் இந்த நாள் கொடுக்கப்பட்டது. அந்தத் தோள் விடுதலை பெற்றபின், தன் பாரத்தை வேறொரு தோளின்மேல் ஏற்றிவைத்துவிட்டு இளைப்பாறலாகாது.

ஆகையால், அன்பானவர்களே, விடுமுறையைக் குறித்து நான் உங்களுக்குச் சொல்ல விரும்புவது இதுவே. இளைப்பாறுவதற்கு வெட்கப்படாதிருங்கள், வெட்கப்படச் சொல்லுகிறவன் பார்வோன். ஆனால் நம் இளைப்பாறுதலின் கயிற்றை மறுமுனையில் யார் இழுக்கிறார் என்று பாராமலிருந்தால், நாமே அவருக்குப் பார்வோன் ஆகிவிடுவோம்.

முதலில் நம் வீட்டிலிருந்தே தொடங்குவோம். குடும்பமாகச் சுற்றுலா செல்லும் நாளில் விடியற்காலை மூன்று மணிக்கு எழுந்து புளிசாதம் கிளறி, பிள்ளைகளுக்குத் துணி எடுத்துவைத்து, போகும் இடத்தில் எல்லோருக்கும் பரிமாறி, திரும்பிவந்து பாத்திரங்களையும் மணல் படிந்த துணிகளையும் துவைத்து முடிக்கிறவர் யார்? அந்த நாள் அவருக்கு விடுமுறையா? சகோதரரே, உங்கள் மனைவியிடம் "இடம் நன்றாயிருந்ததா?" என்று கேட்பதற்கு முன், "நீ உட்கார்ந்து கடலைப் பார்த்தாயா?" என்று கேளுங்கள். பிள்ளைகளே, அம்மா கடலைப் பார்க்கும்படி ஒரு மணி நேரம் பையை நீங்கள் வைத்திருங்கள்.

அடுத்து, நாம் ஊருக்குப் போகும் நாட்களில் நம் வீட்டில் வேலை செய்யும் அக்காவுக்கும் வேலை இராது. அந்த நாட்களுக்கு அவருடைய சம்பளத்தைப் பிடித்தால், நம்முடைய விடுமுறை அவருக்குப் பட்டினியாகிறது. பிடிக்காமல் கொடுத்தால், அதே நாட்கள் அவருக்கும் இளைப்பாறுதலாகின்றன. போகும் ஊரில் ஆட்டோ ஓட்டும் தம்பியோடு இருபது ரூபாய்க்காக வெயிலில் நின்று வாதாடுகிற நாம், அதைப்போல் பல மடங்கை ஐஸ்கிரீமுக்குக் கேள்வி கேட்காமல் கொடுத்துவிடுகிறோம். அறையைச் சுத்தம் செய்கிறவருடைய பெயரைக் கேட்டு அறிந்துகொள்ள எத்தனை நிமிடம் ஆகும்?

கடைசியாக, சபையாகிய நம்மைக் குறித்தும் ஒரு வார்த்தை. ஞாயிற்றுக்கிழமை எல்லோருக்கும் முன்னே வந்து ஆலயத்தைப் பெருக்கி, மணியடித்து, எல்லோரும் போனபின் கதவைப் பூட்டுகிற நம் ஆலயப் பணியாளருக்கு ஓய்வுநாள் எது? வாரத்தில் ஒரு முழு நாளை அவருக்கென்று நாம் குறித்திருக்கிறோமா? நம் பங்காவின் கயிறு அவர் கையில் இருக்கிறது. வரும் கமிட்டிக் கூட்டத்தில் இதை நான் எடுத்துவைக்கப்போகிறேன். நீங்கள் ஜெபத்தோடு ஆயத்தப்பட்டு வாருங்கள்.

இந்த விடுமுறையில் எங்கும் போக இயலாதிருக்கிற அன்பானவர்களே, நோயாளியைக் கவனித்துக்கொண்டும், கடனோடும், அன்றாடக் கூலிக்கு உழைத்துக்கொண்டும் இருக்கிறவர்களே, உங்களையும் ஆண்டவர் காண்கிறார். வருத்தப்பட்டுப் பாரம் சுமக்கிற எல்லோரையும் அழைத்தவர், தம்மிடம் வருவதற்குப் பயணச்சீட்டுக் கேட்கவில்லை. கரையில் காத்திருந்த ஜனங்களைக் கண்டபோது, தம் இளைப்பாறுதல் கெட்டது என்று அவர் முறுமுறுக்கவுமில்லை. மேய்ப்பனில்லாத ஆடுகளைப்போலிருந்த அவர்கள்மேல் மனதுருகினார். படகில் இளைப்பாறினவருக்கே கரையில் மனதுருக்கம் உண்டாயிற்று. நம் விடுமுறைகளும் நம்மை அப்படிப்பட்ட மனதுருக்கத்தோடு திரும்பிவரச் செய்வனவாக.

ஜெபம்: இரக்கமுள்ள பிதாவே, உழைப்பையும் இளைப்பாறுதலையும் எங்களுக்குத் தந்தவர் நீரே. பயணம் செய்கிறவர்களைப் பாதுகாத்தருளும். வீட்டில் தங்கியிருக்கிறவர்களுக்கு உம்முடைய சமாதானத்தைத் தாரும். எங்கள் ஓய்வுக்காக உழைக்கிறவர்களைக் காணும் கண்களையும், அவர்களோடு அந்த ஓய்வைப் பகிர்ந்துகொள்ளும் மனதையும் எங்களுக்குத் தந்தருளும். இயேசு கிறிஸ்துவின் மூலம் வேண்டிக்கொள்ளுகிறோம், நல்ல பிதாவே. ஆமென்.