உம்மா ஜன்னலுக்கு உள்ளே, நாங்கள் வெளியே



ஏப்ரல் மாத நுவரெலியாவை எல்லாரும் வசந்த காலம் என்கிறார்கள். வெளியூர்க்காரர்கள் வந்து பூக்களையும் குதிரை ஓட்டத்தையும் பார்த்துவிட்டுப் போகிறார்கள். அந்த வசந்தத்துக்கு முந்திய மாதங்கள் எப்படியென்று இங்கே குடியிருக்கும் நமக்குத்தான் தெரியும். கடல் மட்டத்திலிருந்து சுமார் 1,868 மீற்றர் உயரம். பகலில் வெயில் சுள்ளென்று அடிக்கும். இரவில் புல்லின் மேல் வெள்ளையாகப் பனி உறையும். நாளைக்கு என்ன நடக்கும் என்று சொல்ல முடியாது.

எங்கள் வீட்டுக்குப் பின்னால் நான்கு பாத்திகள் இருக்கின்றன. கெரட், லீக்ஸ், சலாது, கொஞ்சம் உருளைக்கிழங்கு. வாப்பா வெட்டிய பாத்திகள். அவர் வபாத்தான பிறகு உம்மா வெளியே போவதென்றால் அந்த நான்கு பாத்திகளுக்கு மட்டும்தான்.

உம்மாவுக்கு வீசிங் இருக்கிறது. விடியக் காலைக் குளிரில் வெளியே போகவே கூடாது என்று டொக்டர் சொல்லிவிட்டார். பயிரைப் பனியிலிருந்து காப்பாற்ற வேண்டியதும் அதே நேரத்தில்தான். தோட்டத்துக்குப் போனால் இரவெல்லாம் மூச்சு இழுக்கிறது. போகாதீங்க என்றால் சாப்பாடு இறங்குவதில்லை. இரண்டில் எதை விடுவது?

வழி நோன்பில் கிடைத்தது. 2022இல் நோன்பு ஏப்ரலில் வந்தது. வருடத்துக்குச் சுமார் 11 நாள் முன்னே நகர்ந்து இப்போது பனிக்காலத்தைத் தொட்டுவிட்டது. சஹருக்கு எப்படியும் எழும்பத்தான் வேண்டும். அந்த வேலையை நாங்களே எடுத்துக்கொண்டோம்.

இரவில் உம்மா ஜன்னலால் வானத்தைப் பார்ப்பார். "இண்டைக்கி மேகமில்ல, காத்துமில்ல. பனி கொட்டும்" என்பார். மேகம் இருந்தால் அது போர்வை மாதிரி நிலத்தின் சூட்டைப் பிடித்து வைக்கும். வானம் வெளித்திருந்தால் சூடு மேலே போய்விடும். உடனே குச்சிகளை நட்டு, மேலே பழைய சாக்கும் மானாப் புல்லும் போட்டு மூடுவோம். சுபஹ் தொழுதுவிட்டு டோர்ச்சுடன் இறங்குவோம். மூடாத செடிகளில் பனி பிடித்திருந்தால், வெயில் படுவதற்கு முன்பே பூவாளியால் தண்ணீர் தெளித்துக் கழுவிவிடுவோம். விட்டால் இலை சுடுதண்ணீர் ஊற்றியது போல் கருகிவிடும். வெயில் ஏறியதும் சாக்கை எடுத்துவிட்டுப் பாடசாலைக்கு ஓடுவோம்.

பனி முடிந்தால் பின்னேர மழை. உருளைக்கிழங்கு இலையில் கரும்புள்ளி வந்தது. இலையின் அடியில் வெள்ளைப் பூஞ்சணம். ஈரமும் குளிரும் சேர்ந்தால் இந்த நோய் சில நாளில் பாத்தியையே தின்றுவிடும். செடிகளைப் பிடுங்கித் தூர எடுத்துப்போய்ப் புதைத்தோம், பசளைக் குழியில் போடவில்லை. உம்மா இரண்டு நாள் பேசவில்லை. மூன்றாம் நாள் ஜன்னலைத் திறந்து, "அந்தப் பாத்தியச் சும்மா போடாதீங்க, போஞ்சி வெதை கொண்டு வாங்க" என்றார். எங்களுக்குப் போன உயிர் திரும்பி வந்தது.

சலாது தப்பியது. இப்தாருக்குப் பக்கத்து வீட்டுக்கும், கீழ் லயத்தில் இருக்கும் அக்கா வீட்டுக்கும் கொடுத்தோம். போஞ்சி விதை தந்தது அந்த அக்காதான்.

நம் ஊரில் எத்தனையோ வீடுகளில் இப்படி ஓர் உம்மாவோ வாப்பாவோ இருப்பார்கள். "வயசு போய்ட்டுது, சும்மா இருங்க" என்று சொல்வது லேசு. மண்வெட்டியை நாம் வாங்கிக்கொள்வோம். எதை எப்போது நடுவது என்று சொல்லும் வேலையை அவர்களிடமே விட்டுவிடுவோம். இந்த வருடம் உம்மா ஒரு நாள்கூட ஆஸ்பத்திரிக்குப் போகவில்லை, அல்ஹம்துலில்லாஹ்.

போஞ்சி முளைத்துவிட்டது. கம்பு நட வேண்டுமாம். உத்தரவு வந்தாகிவிட்டது.